வாலாட்டும் துப்பறிவாளர்கள்! செல்லப்பிராணிகள் வரும் ‘கோஸி மிஸ்ட்ரி’ கதைகளும், நம்ம பெரம்பலூர் - அரியலூரும்

ராத்திரி பத்தரை மணி. சாப்பாடு முடிஞ்சாச்சு, லைட் அணைச்சாச்சு, கையில் போன். ‘சும்மா ஒரு எபிசோடு’ என்று ஒரு க்ரைம் தொடரை ஆரம்பிப்போம். முதல் காட்சியிலேயே ரத்தம், இரண்டாவதில் கடத்தல், மூன்றாவதில் சித்ரவதை. பன்னிரண்டரைக்கு போனை வைத்துவிட்டு, கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இன்னொரு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுப் படுப்போம். அப்புறம் எங்கே தூக்கம் வரும்?

மர்மக் கதை வேணும், ஆனா மனசு கனக்கக் கூடாது. புதிர் வேணும், ஆனா போஸ்ட்மார்ட்டம் மேசை வேண்டாம். இப்படி நினைக்கிற ஆட்களுக்காகவே உலகம் முழுக்க ஒரு தனி ரகமே இருக்கிறது. அதற்குப் பெயர் ‘கோஸி மிஸ்ட்ரி’. குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு இதமாகப் படிக்கும் மர்மக் கதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதிலும் ரொம்பப் பிரியமான கிளை, பூனையும் நாயும் கூடவே வந்து துப்புக் கொடுக்கும் கதைகள்.

கோஸின்னா என்ன கணக்கு?

இந்த ரகக் கதைகளுக்கு எழுதப்படாத சில விதிகள் இருக்கின்றன. கதை ஒரு சின்ன ஊரில் நடக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துப்பறிகிறவர் போலீஸ் கிடையாது. டீச்சர், லைப்ரேரியன், பேக்கரிக்காரர், ரிட்டயர்டு பாட்டி என யாராவது ஒருவர். குற்றம் நடக்கும், சில சமயம் கொலைகூட நடக்கும். ஆனால், ரத்தமும் கொடூரமும் கண் முன்னால் நடக்காது. கடைசியில் உண்மை வெளியே வரும், ஊர் பழையபடி டீ குடிக்கும்.

அகதா கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் பாட்டி இதற்கு நல்ல உதாரணம். 1930-ல் அவருடைய முதல் நாவல் வந்தது. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஊர் வம்பு கேட்கும் அந்தப் பாட்டி, ‘எங்க ஊர்ல ஒருத்தன் இப்படித்தான் பண்ணினான்’ என்று ஆரம்பித்து, கொலைகாரனை அடையாளம் காட்டிவிடுவார். நம்ம தெருவிலும் இப்படி ஒரு ஆள் கண்டிப்பாக இருப்பார். யார் வீட்டுக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒப்பிப்பார். அவருக்கு சிசிடிவி தேவையில்லை.

பூனை எப்போ கதைக்குள்ள வந்துச்சு?

துப்பறியும் கதை பிறந்தபோதே மிருகமும் கூடவே வந்துவிட்டது. எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய, முதல் துப்பறியும் கதை என்று பலரும் சொல்லும் கதையில், கொலை செய்தது ஓர் ஒராங்குட்டான். (180 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இதை ஸ்பாய்லராக எடுத்துக்கொள்ள வேண்டாம்!) அதன் உயிருள்ள வாரிசுகள் குற்றவாளி பெஞ்சிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு மாறியதுதான் பிறகு நடந்த சுவாரஸ்யம்.

1892-ல் ஆர்தர் கானன் டாயில் ‘சில்வர் பிளேஸ்’ என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதையை எழுதினார. லாயத்திலிருந்து ஒரு பந்தயக் குதிரை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறது. அங்கே ஒரு நாய் இருந்தது. ஆனால், அது குரைக்கவே இல்லை. எல்லோரும் நடந்ததைத் தேடிக்கொண்டிருக்க, ஹோம்ஸ் நடக்காததைக் கவனித்தார். குரைக்கவில்லை என்றால், வந்தவர் நாய்க்குத் தெரிந்த ஆள். இன்றைக்கும் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இந்த ஒரு துப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

1937-ல் அகதா கிறிஸ்டியின் ‘டம்ப் விட்னஸ்’ வந்தது. தலைப்பின் அர்த்தம், வாய் பேசாத சாட்சி. பணக்காரப் பெண்மணி ஒருவர் ராத்திரி மாடிப்படியில் உருண்டு விழுகிறார். படியில் அவருடைய நாய் பாப் விளையாடும் பந்து கிடக்கிறது. ‘நாய் பந்தைப் போட்டுட்டுப் போயிடுச்சு, அதுல வழுக்கிட்டாங்க’ என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. ஹெர்குல் பாய்ரோ மட்டும் நம்பவில்லை. அன்றைக்கு ராத்திரி நாய் வீட்டிலேயே இல்லை என்றால், பந்தைப் படியில் போட்டது யார்? பழி நாய் மேல், வேலை மனுஷனுடையது. கிறிஸ்டி இந்த நாவலைச் சமர்ப்பணம் செய்தது, தன் வளர்ப்பு நாய் பீட்டருக்கு.

1966-ல் அமெரிக்காவின் லிலியன் ஜாக்சன் பிரான், கோகோ என்ற சயாமீஸ் பூனையைக் கொண்டுவந்தார். பத்திரிகையாளர் குவில்லரன் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்க, பூனை ஒரு பொருளைத் தட்டிவிடும், ஒரு மூலையை முறைத்துப் பார்க்கும். அங்கேதான் துப்பு இருக்கும். மூன்று நாவல்களோடு நின்றுபோன தொடர், கிட்டத்தட்ட 18 வருஷ இடைவெளிக்குப் பிறகு 1986-ல் மறுபடி கிளம்பி, மொத்தம் 29 நாவல்கள் வரை போனது. ஜப்பானில் ஜிரோ அகாகாவா 1978-ல் அறிமுகப்படுத்திய மூவண்ணப் பூனைக்குப் பெயரே ‘ஹோம்ஸ்’தான். அந்த வரிசை 50 புத்தகங்களைத் தாண்டிவிட்டது.

இதில் உச்சம், அமெரிக்க எழுத்தாளர் ரீட்டா மே பிரவுன். 1990-ல் தொடங்கிய தன் நாவல் வரிசையின் அட்டையில், இணை ஆசிரியராகத் தன் பூனை ஸ்னீக்கி பையின் பெயரையே போட்டுவிட்டார். 2009-ல் ஸ்பென்சர் க்வின் எழுதிய ‘டாக் ஆன் இட்’ நாவலில் கதை சொல்வதே நாய்தான். போலீஸ் நாய்ப் பயிற்சியில் தேறாமல் போன செட், தன் முதலாளி பெர்னியின் துப்பறியும் வேலையை நமக்கு விவரிக்கும். முக்கியமான துப்பை மோந்துகொண்டே போகும்போது நடுவில் ஒரு பிஸ்கட் வாசனை வந்தால், கதையே அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

நம்மகிட்ட இல்லையா? இருக்கே!

‘இதெல்லாம் வெள்ளைக்காரங்க வீட்டுப் பூனைக் கதை’ என்று நினைத்தால், திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும். அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 7-ம் நூற்றாண்டு. சண்டையில் இறந்துபோன வீரனுக்காக நட்ட கல் அது. அதில் வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து, எஜமானனுக்குக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. எத்தனையோ மனிதர்களின் பெயர்கள் அழிந்துபோன காலத்திலிருந்து, ஒரு நாயின் பெயர் மட்டும் 1,400 வருஷம் தாண்டி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தது சிலப்பதிகாரம். அடைக்கலக் காதையில் ஒரு கீரிப்பிள்ளை வருகிறது. வீட்டில் வளர்ந்த கீரி. தொட்டிலில் குழந்தை. வெளியே போய்விட்டுத் திரும்பிய தாய், கீரியின் வாயில் ரத்தத்தைப் பார்க்கிறாள். குழந்தையைக் கடித்துவிட்டது என்று நினைத்து, அதை அங்கேயே கொன்றுவிடுகிறாள். உள்ளே போய்ப் பார்த்தால், குழந்தை பத்திரம். பக்கத்தில் பாம்பு செத்துக் கிடக்கிறது.

இதைத் துப்பறியும் கதையாகப் பாருங்கள். தடயம் உண்மை, ரத்தம் உண்மை. முடிவு மட்டும் தப்பு. ‘யாருடைய ரத்தம்?’ என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்க அந்தத் தாய்க்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

இதைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாவத்தால் கணவன் விட்டுப்போன அந்தப் பெண்ணுக்குப் பொருள் கொடுத்து, வாழ்க்கையைச் சரிசெய்து வைத்தது கோவலன். அதே கோவலன்தான் கொஞ்ச நேரத்தில் மதுரையில், கையில் சிலம்பு இருந்த ஒரே காரணத்துக்காக, விசாரணையே இல்லாமல் வெட்டப்படுகிறான். சிலம்பு உண்மை, முடிவு தப்பு. கீரிக்கு நடந்ததுதான் கோவலனுக்கும் நடந்தது.

கொஞ்சம் சிரிக்க வேண்டுமா? தெனாலிராமனின் பூனை இருக்கிறது. சூடான பாலை வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்ட பூனை, அப்புறம் பாலைக் கண்டாலே ஓடியது. ‘பால் குடிக்காத பூனையா?’ என்று ராஜா குழம்பினார். அந்த வழக்கில் துப்பே, வெந்துபோன நாக்குதான்!

நவீன காலத்துக்கு வந்தால், நம்ம ஹீரோ ஜீனோ. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, ஆனந்த விகடனில் 1980-களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரில் வரும் இயந்திர நாய். கதை நடப்பது 2021-ல். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவர்கள் வீட்டில் வந்து தங்கும் ரவியோடு வருகிறது ஜீனோ. புத்தகம் படிக்கும், கிண்டல் பண்ணும், யோசிக்கும். சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற லேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், ‘காணாமல் போன கணவன், தேடும் மனைவி, கூடவே ஒரு புத்திசாலி நாய்’. தூர்தர்ஷனில் நாடகமாக வந்தபோது பார்த்தவர்கள் இன்றைக்கு உங்கள் அப்பா, அம்மா வயதில் இருப்பார்கள். அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வில் தலைப்பே நாய்க்குத்தான் கிடைத்தது. மனுஷக் கதாபாத்திரங்களைவிட வாசகர்கள் யாரை அதிகம் விரும்பினார்கள் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

கதைக்குள்ள செல்லப்பிராணிக்கு என்ன வேலை?

அழகுக்காக மட்டும் நாயையும் பூனையையும் வைப்பதில்லை. அவற்றுக்கு ஐந்து வேலைகள் உண்டு.

1. சாட்சி: நடந்த எல்லாவற்றையும் பார்த்திருக்கும். ஆனால், சொல்ல வாய் இல்லை. அதன் நடவடிக்கையை வைத்து நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

2. பழி சுமக்கும் ஆள்: உடைந்த ஜாடி, காணாமல் போன மீன், படியில் கிடந்த பந்து. முதல் சந்தேகம் மறுத்துப் பேச முடியாத ஜீவன் மேல்தான் விழும்.

3. கதவு திறக்கும் சாவி: தெரியாத வீட்டுக் கொல்லையில் நீங்கள் போய் நின்றால் திட்டுவார்கள். ‘எங்க பூனை இந்தப் பக்கம் வந்துச்சாக்கா?’ என்று கேட்டுக்கொண்டு போனால், டம்ளரில் டீயே வரும். துப்பறியும் கதாபாத்திரத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

4. ஆளை எடைபோடும் தராசு: நாயிடம் ஒருத்தர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து, அவருடைய குணத்தை எழுத்தாளர் இரண்டே வரியில் சொல்லிவிடுவார்.

5. துணை: பெரும்பாலான கோஸி கதைகளில் துப்பறிகிறவர் தனியாள். கணவனை இழந்தவர், ஊருக்குப் புதிதாக வந்தவர், வேலை போய் வீடு திரும்பியவர். குழப்பத்தோடு வீட்டுக்கு வந்ததும் மடியில் ஏறிப் படுக்க ஒரு ஜீவன் இருக்கிறது. படிக்கிற நமக்கும் அந்த இடத்தில்தான் மூச்சு சீராகும்.

மீறவே கூடாத விதி ஒன்றும் உண்டு: செல்லப்பிராணி சாகக் கூடாது. ஊரில் யார் செத்தாலும் தாங்கிக்கொள்ளும் வாசகர், நாய் செத்தால் எழுத்தாளரை மன்னிக்கவே மாட்டார். ஒரு படத்திலோ கதையிலோ நாய் சாகிறதா என்று முன்கூட்டியே சொல்வதற்கென்றே ஒரு பிரபலமான இணையதளம் இயங்குகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர்ல ஒரு நிஜ கோஸி!

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரிக்குப் பக்கத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை!’ என்று போட்டோ தீயாகப் பரவியது. ஊர்க்காரர்கள் பார்க்கக் குவிந்தார்கள். பிறகு நிபுணர்கள் வந்து பார்த்து, அவை முட்டை இல்லை, நத்தை போலச் சுருண்ட ஓடுள்ள அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியோடு தொடர்புடைய கல் உருண்டைகள் என்று விளக்கினார்கள்.

கொலை இல்லை, ரத்தம் இல்லை, வில்லன் இல்லை. ஒரு புதிர், ஊர் முழுக்க ஒரு தப்பான முடிவு, பொறுமையாகப் பார்த்த சிலரால் விடை. கோஸி மிஸ்ட்ரிக்கு வேறென்ன வேண்டும்?

கதைக்கான இடமும் நமக்குப் பஞ்சமில்லை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், ரஞ்சன்குடி கோட்டை, வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகம், 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி பறவைகள் சரணாலயம், கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகள். சிமென்ட் லாரி போகும் ரோட்டில் எத்தனை கண்கள்!

இந்த மண்ணில் ஒரு கதையைச் சும்மா கற்பனை பண்ணிப் பார்ப்போம். 2019 இறுதியில் வெங்காய விலை எகிறியபோது, பெரம்பலூர் பக்கம் நடவுக்கு வைத்திருந்த சின்ன வெங்காயத்தையே திருடிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. அதையே முதல் முடிச்சாக வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் கற்பனை.

ஓர் அப்பாயி. அவருடைய காட்டில் வெங்காயப் பட்டறை. காவலுக்கு மணி என்ற நாட்டு நாய். ஒருநாள் விடியற்காலை பார்த்தால், பட்டறையில் பாதியைக் காணோம். அப்பாயி கொட்டகையில்தான் படுத்திருந்தார். மணி ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

ஊர் உடனே ‘ஹோம்ஸ்’ ஆகிவிடுகிறது. ‘நாய் குரைக்கல. அப்போ தெரிஞ்ச பயதான். தினமும் பிஸ்கட் போடுறானே, அந்தப் பக்கத்துக் காட்டுப் பையன், அவன்தான்!’ மதியத்துக்குள் பையனின் போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிடுகிறது.

கல்லூரியில் படிக்கும் பேத்தி மட்டும் மணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்போதும் காலையில் கஞ்சிக்காகத் தட்டை உருட்டும் நாய், அன்றைக்குக் கஞ்சியைத் தொடவே இல்லை. பத்து மணி வரைக்கும் தூக்கம்.

“அப்பாயி, நேத்து ராத்திரி மணிக்கு என்ன போட்டீங்க?”

“வழக்கம்போல கஞ்சிதான் ஆத்தா. ஏன் கேக்குற?”

“இல்ல, வயிறு முட்ட எதையோ தின்னுருக்கு. வேலி ஓரத்துல நிறைய கோழி எலும்பு கிடக்கு. நம்ம ஊர்ல நேத்து விசேஷம் எதுவும் இல்லையே?”

“புரட்டாசி சனிக்கிழமை, எவ வீட்டுலயாச்சும் கறி எடுப்பாளா?”

எலும்புக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் கவர். ஊருக்குள் பிரியாணிக் கடையே கிடையாது. கவரில் அச்சடித்திருப்பது நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றின் பெயர். வேலிக்கு வெளியே மினி லாரியின் டயர் தடம். பையனிடம் இருப்பதோ சைக்கிள். பாதிப் பட்டறை வெங்காயம் சைக்கிளில் போகாது. அப்படியென்றால், மணி குரைக்காததற்குக் காரணம் தெரிந்த முகம் இல்லை, நிறைந்த வயிறு. வந்தவன் வெளியூர்க்காரன். நாய் இருப்பது அவனுக்குத் தெரியும், அதற்குத் தயாராகவே வந்திருக்கிறான். இனி, நாய் இருப்பதை அவனுக்குச் சொன்னது யார் என்று தேட வேண்டும். அங்கிருந்து கதை ஓடும். பையன் தப்பித்தான்.

ஜாலிக்கு மட்டும்தானா?

மேலே இருக்கும் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது திருடன் இல்லை, அந்தப் பையன்தான்.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் சில குழந்தைகளிடம் பேசியது. குழந்தை கடத்தும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஊரெல்லாம் பரவியிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்தின் முதிய பெண்மணி இறந்துபோனார். கள்வனைப் பிடித்த நாய்க்குக் கல் நட்ட அதே மாவட்டம். கீரியின் வாயில் இருந்த ரத்தத்தைப் போல, அவர்கள் செய்த ஒரு சாதாரணக் காரியம் தடயமாகத் தெரிந்திருக்கிறது. ‘யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தாங்க?’ என்று பொறுமையாக விசாரிக்க யாருக்கும் நேரம் இல்லை.

ஒரு கோஸி மிஸ்ட்ரி, நம்மை 200 பக்கத்துக்குக் காத்திருக்க வைக்கிறது. முதல் சந்தேகம் பெரும்பாலும் தப்பு என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறது. பேச வாயில்லாத ஒரு ஜீவனை உற்றுக் கவனிக்கச் சொல்கிறது. கதை படித்தால் மட்டும் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால், ஒரு ஃபார்வர்டு வந்ததும் ‘இரு, நாய் ஏன் குரைக்கல?’ என்று ஒரு நொடி யோசிக்கும் பழக்கம் வந்தால், நல்லதுதானே?

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தமிழில் என்றால் ‘என் இனிய இயந்திரா’, அடுத்து ‘மீண்டும் ஜீனோ’. மிருகம் இல்லாவிட்டாலும், ரத்தம் இல்லாத, சிரிக்கவைக்கும் துப்பறியும் கதை வேண்டும் என்றால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. அசட்டு வங்கி குமாஸ்தா ஒருவர், தற்செயலாகவே கேஸ்களைக் கண்டுபிடித்துப் பேர் வாங்குவார். ஆங்கிலம் பழக நினைப்பவர்களுக்கு ‘டாக் ஆன் இட்’ சரியான தேர்வு. நாய் பேசுவதால் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, எளிமையாக இருக்கும். கிளாசிக் வேண்டும் என்றால் ‘சில்வர் பிளேஸ்’. சிறுகதைதான், பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம். இரண்டு ஊரிலும் மாவட்ட நூலகம் இருக்கிறது, புத்தகத் திருவிழாவும் நடக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கதையில் சயாமீஸ் பூனையைப் படித்துவிட்டு, ஆசைக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒன்றை வாங்கி, ஆறு மாதத்தில் ரோட்டில் விட்டுவிடாதீர்கள். கோவிவன் எந்த வெளிநாட்டு இனமும் இல்லை. உங்கள் தெருமுனையில் சுருண்டு படுத்திருக்கும் மணிக்கும் அதே மூக்கு, அதே காதுதான்.

இன்றைக்கு ராத்திரி அது குரைக்கிறதா, இல்லையா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கதை கிடைத்தாலும் கிடைக்கும்!